முந்தி வந்த செவியும் பிந்தி வந்த கொம்பும்

ரேஷன் கடையிலும் தபால் நிலையத்திலும் பஸ் நிறுத்தத்திலும் வரிசை என்றால் நமக்கு ஒரே ஒரு சட்டம்தான் தெரியும். முந்தி வந்தவர் முந்திப் பெற வேண்டும். இடையில் புகுபவரை எல்லோரும் சேர்ந்து கண்டிப்போம். பள்ளியில் நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுங்கும் இதுவே. ஆனால் இந்தச் சட்டம் செல்லாத இடம் ஒன்று உண்டு. அங்கே கடைசியாக வந்தவரை முதலில் அழைப்பார்கள். அதுவே நியாயம் என்றும் சொல்வார்கள். மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பகுதிதான் அந்த இடம். அதிலும் நோயாளி, வாய் திறந்து தன் துன்பத்தைச் சொல்ல இயலாத ஆடு, மாடு, நாய், பூனையாக இருந்துவிட்டால், யாரை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்வது தனியொரு கலையே ஆகும். அக்கலையைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

ஐந்து நோயாளிகள்

தறிச் சத்தம் ஓயாத நம் பள்ளிப்பட்டு வட்டாரத்தில், நெசவோடு கறவை மாட்டையும் ஆட்டையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. இங்குள்ள ஒரு கால்நடை மருந்தகத்தில் ஒரு திங்கட்கிழமைக் காலையைக் கற்பனை செய்து பார்ப்போம். மருத்துவர் ஒருவர், கால்நடை ஆய்வாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர் ஆக மூவரே இருக்கிறார்கள்.

முதலில் வந்து திண்ணையில் அமர்ந்திருப்பவர் ஒரு பாட்டி. கூடையில் ஆறு கோழிகள். கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட வேண்டும். இரண்டாவதாக, முள்கம்பியில் காது கிழிந்த ஓர் ஆடு. காதிலிருந்து இரத்தம் சொட்டித் தரையெல்லாம் சிவப்பாகிவிட்டது. மூன்றாவதாக, ஓர் அண்ணன் துணிப்பையில் கொண்டுவந்த கடுவன் பூனை. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அடிக்கடி போய்ப் போய்க் குந்துகிறது, ஆனால் ஒன்றும் போகவில்லை. மலச்சிக்கலாக இருக்கும் என்கிறார். பூனை சத்தமின்றிச் சுருண்டு கிடக்கிறது. நான்காவது, லாரியில் அடிபட்ட நாய். பின்னங்கால் ஒடிந்து, ஊரே கேட்கும்படி ஊளையிடுகிறது. ஐந்தாவதாக, 'குட்டி யானை' என்று நாம் அழைக்கும் சிறு லாரியில் ஒரு பசு வந்து சேர்கிறது. மழையில் நனைந்த காராமணிக் கொடியை வயிறு முட்டத் தின்றதாம். இடப்புற வயிறு மேளம் போல் உப்பியிருக்கிறது. கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே தள்ளி, அசையாமல் நிற்கிறது. கத்தவும் இல்லை.

தோழியரே, இவர்களுள் யாருக்கு முதல் வைத்தியம்? எங்கள் வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டுப் பார்த்தோம். பெரும்பாலோர் நாய்க்கே என்றனர். சிலர், இரத்தம் போகிறதே என்று ஆட்டைச் சொன்னார்கள். பாட்டி பாவம், முதலில் வந்தவர் என்றாள் ஒருத்தி. பூனையை யாரும் நினைக்கவில்லை. விடையைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன் இம்முறை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

போர்க்களத்தில் பிறந்த வழக்கம்

அவசர நோயாளிகளை இவ்வாறு பிரித்து வரிசைப்படுத்துவதற்கு 'ட்ரியாஜ்' என்று பெயர். 'பொறுக்கிப் பிரித்தல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் இது. நம் வீட்டில் அம்மா முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் வேறு, நெல் வேறு என்று பிரிப்பதைப் போன்றதே.

நெப்போலியனின் படையில் டொமினிக் ஜீன் லாரே என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1766 முதல் 1842 வரை வாழ்ந்தவர். தளபதிக்கு முதலில், சிப்பாய்க்குப் பின்னர் என்றிருந்த காலத்தில், காயம் யாருக்குக் கடுமையோ அவருக்கே முதல் சிகிச்சை என்று அவர் வகுத்தார். பதவியையும் பார்க்கவில்லை, நம்மவனா எதிரியா என்றும் பார்க்கவில்லை. காயம்பட்டவர்களைப் போர்க்களத்திலிருந்தே விரைந்து தூக்கி வர, குதிரை பூட்டிய இலகுவான வண்டிகளையும் அமைத்தார். இன்றைய ஆம்புலன்ஸுக்கு அவை முன்னோடி எனலாம். அவர் தொடங்கிய வழக்கம் மனித மருத்துவமனைகளில் பரவி, பின்னர் கால்நடை மருத்துவத்திலும் இடம் பெற்றது.

நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவக் கல்விக்குத் தாய்வீடு சென்னை வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் அங்கமாயிற்று. அக்கல்லூரியின் மருத்துவமனையில் அவசர சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் வேப்பேரி நமக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். உப்பிய பசு அவ்வளவு நேரம் தாங்காது. ஆகவே நம் பக்கத்துச் சிறு மருந்தகத்திலும், அதற்கும் முன்பாக நம் வீட்டுத் தொழுவத்திலும் இந்த அறிவு வேண்டியிருக்கிறது.

மூன்று கேள்விகள்

அனுபவமுள்ள மருத்துவர் ஒரு பிராணியைக் கண்டதும் தம் மனத்துக்குள் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறார். மூச்சு ஒழுங்காக வருகிறதா? இரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா? நினைவு தெளிவாக இருக்கிறதா? இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த நோயாளி வரிசையின் தலைக்குப் போய்விடும். இதற்கு ஓரிரு நிமிடங்களே போதும்.

மூச்சை எண்ணுவது எளிது. விலாப்புறம் ஏறி இறங்குவதை 15 வினாடி எண்ணி 4-ஆல் பெருக்கினால் ஒரு நிமிடக் கணக்கு வந்துவிடும். ஓய்வாக நிழலில் படுத்திருக்கும் நாய் நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை மூச்சு விடும். வெயிலில் ஓடிவந்த நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது இயற்கை. ஆனால் பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது ஆபத்தின் அறிகுறி.

இரத்த ஓட்டத்தை அறியப் பல்லின் ஈற்றைப் பார்க்கிறார்கள். நல்ல ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். விரலால் ஒருமுறை அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 வினாடிக்குள் மறுபடியும் சிவக்க வேண்டும். சிவக்க நேரமானால் இரத்த ஓட்டம் குன்றியிருக்கிறது என்று பொருள். ஈறு காகிதம் போல் வெளுத்திருந்தால் இரத்த இழப்பு அல்லது அதிர்ச்சி நிலை. நீலம் பாரித்தால் பிராணவாயு போதவில்லை. செங்கல் நிறமானால் கடும் வெப்பத் தாக்கு முதலியவற்றை நினைக்க வேண்டும். சில ஜாதி நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கண்ணிமையின் உட்புறத்தைப் பார்ப்பர். நாடியை நாய்க்கும் ஆட்டுக்கும் பின்தொடையின் உட்புறத்திலும், பசுவுக்கு வாலின் அடிப்புறத்திலும் தொட்டறியலாம்.

நினைவைச் சோதிப்பதற்குப் பெயர் சொல்லி அழைத்தாலே போதும். தலையைத் திருப்புகிறதா, காதை ஆட்டுகிறதா, எழ முயல்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

காய்ச்சல் பார்ப்பதில் ஒரு சொல். நம் உடம்புக்கு 98.6 டிகிரி பாரன்ஹீட் இயல்பு என்றால், பசுவுக்கு 101.5, நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பாகும். தொட்டுப் பார்த்துச் சுடுகிறதே என்று பயப்படவும் வேண்டாம். குளிர்ந்த காதுகளை அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

சத்தம் போடுவதும் மௌனமாக இருப்பதும்

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது பழமொழி. அவசர சிகிச்சையில் இப்பழமொழியை நம்பினால் மோசம் போவோம். ஊளையிடும் நாய்க்குக் கடும் வலி இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் ஊளையிடுவதற்கு நுரையீரலில் காற்று வேண்டும், மூளைக்கு இரத்தம் வேண்டும், தெம்பு வேண்டும். அவையெல்லாம் அதனிடம் இன்னும் இருக்கின்றன. மூச்சுத் திணறும் பசுவுக்குக் கத்த மூச்சில்லை. உடம்பில் நஞ்சேறிய பூனைக்குக் கத்தத் தெம்பில்லை.

மேலும், ஆடு மாடு முதலியவை காட்டில் வாழ்ந்த காலத்தில் புலிக்கும் ஓநாய்க்கும் இரையானவை. நொண்டுவதைக் காட்டிக்கொண்ட பிராணியே முதலில் பிடிபட்டது. ஆகவே நோயை மறைத்துக்கொள்வது அவற்றின் இரத்தத்திலேயே ஊறிய குணம். மாடு வெளிப்படையாகத் தளர்ந்துவிட்டது என்று நாம் காணும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். வாயில்லா ஜீவன் என்று நாம் சொல்வதன் முழுப்பொருள் இங்கேதான் விளங்குகிறது.

விடை

இப்போது திண்ணைக்குத் திரும்புவோம். முதல் வைத்தியம், கடைசியாக வந்த பசுவுக்கே! "முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்தது" என்ற பழமொழி இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மையாகிறது.

காரணத்தைக் கேளுங்கள். பசுவின் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய பெரிய தொட்டி. அதில் தீனி நொதிக்கும்போது ஓயாமல் வாயு உண்டாகும். பசு அதை ஏப்பமாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஈரமான பயறு வகைக் கொடிகளை அளவுக்கு மீறித் தின்றால் வாயு சோப்பு நுரை போல் ஆகி, ஏப்பமாக வெளிவர இயலாமல் போகிறது. முழு மாங்காயோ மாங்கொட்டையோ தொண்டையில் அடைத்துக்கொண்டாலும் இதே கதிதான். உப்பிய இரைப்பை உதரவிதானத்தை முன்னோக்கித் தள்ளி நுரையீரலை நெருக்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் தடைப்படுகிறது. கழுத்தை நீட்டி நாக்கைத் தள்ளிய பசுவுக்கு மிஞ்சியிருப்பது நிமிடங்களே. மருத்துவர் வாய் வழியே குழாய் செலுத்தி வாயுவை வெளியேற்றுவார். நுரையை உடைக்கும் மருந்தை அக்குழாய் வழியே விடுவார். அதற்கும் நேரமில்லையெனில் இடப்புற வயிற்றின் மேல் பள்ளத்தில் கூரிய குழாய்க் கருவியால் துளையிட்டு உயிரைக் காப்பார்.

இரண்டாவது, யாரும் நினைக்காத அந்தப் பூனை! அதற்கு மலச்சிக்கல் இல்லை. சிறுநீர்ப் பாதை அடைத்துவிட்டது. கடுவன் பூனைகளுக்கு அப்பாதை மிகக் குறுகலானது. நுண்ணிய படிகங்களோ சளி போன்ற கசடோ அடைத்துக்கொண்டால் கழிவுகள் இரத்தத்திலேயே தங்கும். பொட்டாசியம் உப்பு ஏறி ஏறி, இறுதியில் இதயத்தையே நிறுத்திவிடும். ஆட்டுக்கிடாய்களுக்கும் இந்த அடைப்பு வருவதுண்டு.

மூன்றாவது நாய். ஈறு சிவப்பாக இருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது. ஒடிந்த கால் உயிரை உடனே எடுக்காது. ஆனால் லாரியில் அடிபட்டதன்றோ? வயிற்றுக்குள்ளே இரத்தம் கசியலாம். ஆகவே வலி தணிக்க ஊசி போட்டு, அசையாமல் படுக்க வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆய்வாளர் அதன் ஈற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஈறு வெளுக்கத் தொடங்கினால் அந்தக் கணமே வரிசை மாறிவிடும். வரிசையை ஒருமுறை வகுத்ததோடு வேலை முடிவதில்லை. நோயாளியின் நிலை மாற மாற அதுவும் மாற வேண்டும்.

நான்காவது ஆடு. காதிலிருந்து சொட்டும் இரத்தம் பார்ப்பதற்குப் பயங்கரமே. எனினும் உதவியாளர் சுத்தமான துணியை மடித்து ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். தையல் பிறகு போடலாம். இரத்தம் பீறிட்டு அடித்தால் மட்டும் கதை வேறு.

கடைசியாகப் பாட்டியின் கோழிகள். அவை நலமாக இருக்கின்றன. மதியம் வரை காத்திருந்தாலும் தீங்கில்லை. முதலில் வந்த பாட்டி கடைசியில் போகிறார். "போகட்டும், அந்த மாடு பிழைச்சா சரி" என்று அவர் சொல்லிவிட்டால், அந்தக் காலையின் சிகிச்சையில் அவருக்கும் பங்கு உண்டு என்போம். காத்திருப்பவர் பொறுமை இழந்து சண்டையிட்டால் மருத்துவரின் கை நடுங்கும், நிமிடங்கள் வீணாகும்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். விலை அதிகம் என்பதற்காகப் பசு முதலில் போகவில்லை. பசு கால் நொண்டி வந்து, பூனை மூச்சுத் திணறி வந்திருந்தால் பூனையே முதலில் போயிருக்கும். விலையும் ஜாதியும் வளர்ப்பவரின் செல்வாக்கும் இந்த வரிசையில் எண்ணப்படுவதில்லை.

கடினமான முடிவு

வெள்ளம், தீ, பெருவிபத்து ஆகியவற்றில் பல பிராணிகள் ஒரே நேரத்தில் வரும்போது, மருத்துவருக்கு மற்றொரு கேள்வியும் எழுகிறது. எந்த உயிரை என்னால் காக்க முடியும்? எவ்வளவு முயன்றாலும் பிழைக்காது என்று தெரிந்த ஒன்றுக்காக ஒரு மணி நேரம் செலவிட்டால், பிழைக்கக்கூடிய மூன்று இறந்துபோகலாம். அப்போது அந்த முதல் பிராணிக்கு வலியையாவது தணித்துவிட்டு அடுத்ததிடம் போக வேண்டியிருக்கிறது. மீட்சியே இல்லாத வேதனையாயின், உரியவரின் சம்மதத்தோடு வலியின்றி உயிரை அடங்கச் செய்வதும் உண்டு. இம்முடிவை எந்த மருத்துவரும் எளிதாக எடுப்பதில்லை. வீட்டுக்குப் போன பின்பும் அது அவர் மனத்தை விட்டு அகலாது. அப்படிப்பட்ட நேரத்தில் அவரைப் பழிப்பது நமக்கு அழகன்று.

நம் வீட்டிலேயே தொடங்கும் வரிசை

2021 நவம்பரில் பெய்த பெருமழையில் நம் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் பெருகி, தரைப்பாலங்கள் மூழ்கியது நினைவிருக்கலாம். அந்நாட்களில் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மாடு உப்பினால் என்ன செய்வது? ஆகவே எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று வீட்டிலேயே அறிந்து, காலம் தாழ்த்தாமல் புறப்பட வேண்டும்.

மூச்சுத் திணறல், வயிறு உப்புதல், நிற்காத இரத்தப்போக்கு, வலிப்பு, சிறுநீர் அடைப்பு, பாம்புக்கடி, பூச்சிமருந்து நஞ்சு, பனிக்குடம் உடைந்து 2 மணி நேரமாகியும் கன்று வெளிவராமை, கன்று ஈன்ற பசு எழ முடியாமல் படுத்துவிடுதல் ஆகியவை ஒருபோதும் காத்திருக்கா. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றையும் பொங்கலையும் மாடு அளவின்றித் தின்றுவிட்டாலும் அப்படியே. சோறு இரைப்பையில் விரைவாகப் புளித்து அமிலமாகி, உடம்பு நீரையெல்லாம் இரைப்பைக்குள் இழுத்துக்கொள்ளும், மாடு சாய்ந்துவிடும். மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் நாம் செய்யும் தவறு இது. மழையின்றி வாடிய இளஞ்சோளப் பயிரும் ஆபத்தே. அதில் சயனைடு நஞ்சு உண்டாகும். தின்ற சிறிது நேரத்தில் மாடு துடித்து விழக்கூடும்.

செய்யக்கூடாதவற்றையும் அறிவோம். திணறும் மாட்டுக்கும் படுத்துவிட்ட மாட்டுக்கும் வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். பாம்பு கடித்த இடத்தைக் கீறவும், இறுகக் கட்டவும் கூடாது. பாதி வந்த கன்றைப் பலர் சேர்ந்து கயிறு கட்டி இழுக்கக் கூடாது. அடிபட்ட நாயை முதுகு வளையத் தூக்காமல், பலகையிலோ கெட்டியான போர்வையிலோ கிடத்திக் கொண்டுவர வேண்டும். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மனித மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நம் கோடையில் நாய் சுருண்டு விழுந்தால், நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறியபடியே எடுத்துச் செல்ல வேண்டும்.

புறப்படுமுன் மருந்தகத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிடுங்கள். 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம். என்ன நடந்தது, எப்போது நடந்தது, இப்போது மூச்சு எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள். மாட்டின் பெருமையையும் வாங்கிய விலையையும் பிறகு பேசலாம். பூச்சிமருந்து என்ற ஐயமிருந்தால் டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.

நமக்கும் இடமுண்டு

மாட்டு வைத்தியம் ஆண்களுக்கே உரியது என்று எண்ணியிருந்த காலம் ஒன்று இருந்தது. நம் நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவர்களுள் ஒருவரான சக்குபாய் இராமச்சந்திரன், வேப்பேரிக் கல்லூரியில் பயின்று 1952-இல் பட்டம் பெற்றார். இன்று அக்கல்லூரியில் மாணவியர் ஏராளமாகப் பயில்கின்றனர். உயிரியல் பாடத்தில் ஆர்வமும், சாணத்துக்கு முகம் சுளிக்காத மனமும் உடைய தோழியர் இத்துறையை நாடலாம்.

மருத்துவராகாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. இன்று மாலை வீட்டுக்குப் போனதும், நலமாயிருக்கும் நம் பசுவின், ஆட்டின், நாயின் மூச்சை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். பழகிய பிராணியாயின் ஈற்றின் நிறத்தையும் பார்ப்போம். நலமாயிருக்கும்போது எப்படி என்று அறிந்தவளுக்கே, நலமில்லாதபோது வேறுபாடு தெரியும். சத்தம் போடுவதை மட்டும் கவனிக்கும் வழக்கத்தை விட்டு, மௌனமாயிருப்பதன் பக்கமும் கண்ணைத் திருப்பப் பழகுவோமாக.